மழை பொய்த்த வருஷத்துப் பாலிசி

ஐம்பதுகளின் பிற்பகுதியில் திண்டிவனத்தில் ஒரு வேர்க்கடலை மண்டிக்காரரிடம் கார் ஓட்டினேன். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். கறுப்பு லேண்ட்மாஸ்டர். காரைத் துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது, முதலாளியை வாரம் இரண்டு தடவை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய் வருவது, இதுதான் வேலை. முதலாளிக்குக் கார் ஓட்டத் தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

அப்புறம் ஒரு வருஷம் மழை பொய்த்தது. செடி காய் பிடிக்காமலே கருகிப்போயிற்று. மூட்டை அடுக்கும் இடத்தில் ஆட்கள் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். அந்த நேரம் பார்த்துக் காருக்கு இன்சூரன்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதமும் வந்தது. விழுப்புரத்திலிருந்து ஏஜென்ட் தோல்பையோடு வந்து இறங்கினார். இங்கிலீஷில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லி, கேட்டுக்கொண்டு எழுதுவது அவர் வழக்கம். கார் மோதி நசுங்கினால், தீப்பிடித்தால், திருடு போனால் என்று அவர் சொல்லச் சொல்ல, "அத அடிச்சிடு, அதயும் அடிச்சிடு" என்று முதலாளி சொல்லிக்கொண்டே வந்தார். சட்டம் விடாது என்பதால் ஒன்றே ஒன்று மிஞ்சியது: எங்கள் கார் ஊரார் மேல் மோதினால் அவர்களுக்குத் தரவேண்டியது. அதற்கு ஆக்ட் பாலிசி என்று பெயர்.

"டிரைவருக்குன்னு தனியா ஒண்ணு இருக்குதுங்க. சின்னத் தொகைதான். ஓட்டும்போது அவருக்கு ஏதாவது ஆச்சின்னா குடும்பத்துக்குக் கெடைக்கும்," என்றார் ஏஜென்ட்.

"அதயும் அடிச்சிடுப்பா," என்றார் முதலாளி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஏஜென்டுக்குக் காப்பி வாங்கிக்கொண்டு வந்த நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அந்தச் சின்னத் தொகை எனக்குப் பெரிதாகப் பட்டது. காரணம் இருந்தது. என் மனைவியின் அண்ணன் லாரி டிரைவர். செஞ்சி ரோட்டில் லாரி புளியமரத்தில் மோதி இறந்துபோனார். லாரிக்கு ஃபுல் பாலிசி, மோதல், தீ, திருட்டு எல்லாம் சேர்த்து. இரண்டே மாதத்தில் அது புது முகப்பும் புதுப் பெயின்ட்டுமாக அதே ரோட்டில் ஓடியது. டிரைவருக்கென்று எதுவும் எழுதவில்லை என்று சொல்லி, அவர் குடும்பத்தைக் காரியச் செலவோடு முடித்து அனுப்பினார்கள். அவர் மனைவியும் இரண்டு குழந்தைகளும் அப்போது என் வீட்டில்தான் இருந்தார்கள். எனக்கு ஒன்று ஆனால் இரண்டு குடும்பம் ஒரே நாளில் தெருவுக்கு வரும்.

ஃபுல் பாலிசி போனதிலிருந்து முதலாளிக்குப் பின்சீட்டு ஒத்துவரவில்லை. முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். அவர் கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வரும். விக்கிரவாண்டியில் வைக்கோல் வண்டி எதிரே வந்தால், "மட்கார்டு! மட்கார்டு!" என்று கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள் அவர் சொன்னபடி ஊர்ந்துகொண்டு போகையில் சைக்கிள்காரன் ஒருவன் எங்களை முந்திக்கொண்டு போனான், மணியடித்துவிட்டு வேறு போனான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இந்த மனுஷனின் பயம் முழுக்கத் தகரத்துக்காகத்தான், ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிற ஆளுக்காக ஒரு துளிகூட இல்லை என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அழுகிற ஆள் இல்லை.

"முதலாளியாண்ட கேளு. எழுத மாட்டேன்னா வண்டியத் தொடாத. நாங்க ரெண்டு பேரும் கெணத்துக் கழனியில களையெடுக்கப் போய்க்கினுதான இருக்கிறோம்? ஒரு மாசம் கூழு குடிச்சிக்கினு கெடந்தா செத்துட மாட்டோம்," என்றாள்.

அவள் அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கேளுங்கண்ணே. எங்க வூட்டுக்காரரு கேக்காமலே போயிட்டாரு."

நாலாம் நாள் விழுப்புரம் போகிற வழியில், கூட்டேரிப்பட்டு தாண்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். ஊற்றி மூடினேன். ஏறி உட்காராமல் அவர் பக்கத்துக் கதவருகில் போய் நின்றேன்.

"முதலாளி, டிரைவருக்குன்னு இருந்தத அடிச்சிட்டீங்க. அதத் திருப்பி எழுதச் சொல்லுங்க."

"நடுரோட்டுல நிறுத்தி மிரட்டறியா?"

"மிரட்டலிங்க. கேக்கறேன்."

நிறுத்தும்போது எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஆனால் விழுப்புரத்தில் வியாபாரி காத்திருக்கிறார், இவரால் காரை ஓரடி நகர்த்த முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"மழ இல்ல, மல்லாட்டை இல்ல, மண்டியே படுத்துக்கினு கெடக்குது. ஒனக்கு சம்பளம் குடுக்கறதே பேஜாரா இருக்குது. இதுல இன்சூரன்ஸு வேறயா?" என்றார்.

"அப்ப என் சம்பளத்துல புடிச்சிக்கினு எழுதுங்க," என்றேன், வாய்க்கு வந்தபடி.

வெட்கப்படுவார் என்று நினைத்தேன். டிரைவர் காசில் தன் கார் பாலிசி எழுதப்படுகிறது என்று ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? ஏறு, ஜல்தியா போ," என்றார். அன்றைக்கே விழுப்புரத்தில் ஏஜென்டைப் பார்த்து எழுதவைத்தோம். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் திரும்பி வரும்போது தோற்றுப்போனவன் மாதிரிதான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வருஷம் சம்பளத்தில் பிடித்தார். அப்புறம் நல்ல மழை. மண்டி வாசலில் மாட்டு வண்டிகள் வரிசை கட்டின, முதலாளியும் பின்சீட்டுக்குத் திரும்பினார். காருக்கு மறுபடி ஃபுல் பாலிசி எழுதும்போது ஏஜென்ட், "டிரைவருக்கு?" என்றார்.

"அது அவன் கட்டிக்குவான். பழகிப்போச்சி."

"இந்த வருஷம் நீங்க கட்டுங்க, முதலாளி," என்றேன்.

"புடிக்கலன்னா வேற எடம் பாத்துக்க. பத்து டிரைவர் நின்னுக்கினு இருக்கறான்."

வேறு இடம் பார்த்துக்கொண்டேன். ஒரு லாரிக்காரர், சம்பளம் குறைவு, ஆனால் டிரைவருக்கு அவரே கட்டினார். மண்டிப் படியை இனி மிதிப்பதில்லை என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

சில வாரம் கழித்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நரைத்த தலையோடு ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் விட்ட காரை இப்போது அவர்தான் ஓட்டுகிறாராம்.

"தம்பி, இன்சூரன்ஸுக்கு சம்பளத்துல எவ்ளோ புடிப்பாங்க? டிரைவருங்க கட்றதுதான் வழக்கம்னு முதலாளி சொல்றாரு. நீகூட கட்டினியாமே?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். வழக்கமாம்! ரோட்டோரத்தில் வாய்க்கு வந்தபடி நான் சொன்னது இரண்டே வருஷத்தில் வழக்கமாகி இந்த மனுஷன் தலையில் இறங்கியிருந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.

"வழக்கம் இல்லண்ணே. அது நான் பண்ண தப்பு. வாங்க, சொல்லிட்டு வருவோம்."

அவரைக் கூட்டிக்கொண்டு மண்டிப் படியேறினேன். முதலாளி கல்லாவில் இருந்தார்.

"முதலாளி, என் தலையில நான் போட்டுக்கினத இவரு தலையில போடாதீங்க. காரு ஒங்களுது. டிரைவருக்கும் நீங்கதான் கட்டணும்."

"வேலைய வுட்டுட்டுப் போனவன், நீ யாருடா கேக்கறதுக்கு?"

பக்கத்தில் நின்றவர் சாவியை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். "அப்ப எனக்கும் வாணாங்க," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு வேறு வேலை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

சும்மா இருக்க முடியுமா? ரைஸ் மில் டிரைவர், டாக்டர் வீட்டு டிரைவர், வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் என்று ஒருவர் விடாமல் போய்ச் சொன்னேன். டிரைவருக்கு மண்டிக் காசில் எழுதும்வரை அந்த வேலைக்கு ஒருவரும் போகக் கூடாது என்று முடிவானது. முதலாளி சொன்ன பத்துப் பேரும் வேலையில்லாமல்தான் இருந்தார்கள். ஒருவர்கூடப் போகவில்லை. கார் ஷெட்டிலேயே கிடந்தது. முதலாளி விழுப்புரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனதை லாரியிலிருந்து நானே பார்த்தேன்.

ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை. சாவியை வைத்துவிட்டு வந்த பெரியவரையே முதலாளி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். அவர் என்னைத் தேடி வந்தார்.

"எழுதிட்டாங்க தம்பி. மண்டிக் காசுதான். ஆனா என் பேரு போடல, டிரைவர்னு மட்டும்தான் போட்டிருக்குதாம்."

"அப்பிடித்தாண்ணே இருக்கணும். ஒங்களுக்கு அப்புறம் வர்றவனுக்கும் வேணுமில்ல?" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. அவள் அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகளின் சிலேட்டையும் குச்சியையும் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"அதுல இன்னான்னு எழுதியிருக்குதுண்ணே? எழுதிக் காட்டுங்க."

டிரைவர் என்று எழுதிக் கொடுத்தேன். நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள்.

"இவ்ளோதானா?" என்றாள்.