வடக்குச் சுவருக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டின் மூன்று சுவர்களுக்கு வெளிப்பூச்சு இருந்தது. வடக்குச் சுவர் மட்டும் நாலு வருஷமாகச் செங்கல் தெரிய வெற்றுடம்போடு நின்றது. அப்பாவுக்குச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அந்தச் சுவரைப் பூச வேண்டுமானால் பெரியப்பாவின் மண்ணில் கால் வைக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது.

செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாகம் பிரித்தபோது மனையின் தெற்குப் பாதி எங்களுக்கும், கிணற்றோடு சேர்ந்த வடக்குப் பாதி பெரியப்பாவுக்கும் வந்தது. கிணறு கைவிட்டுப் போன ஆத்திரத்தில் அப்பா ஓர் அடிகூட விடாமல் எல்லைக் கோட்டின் மேலேயே சுவரை எழுப்பிவிட்டார். விட்டால் அந்த இடத்தில் அண்ணன் முருங்கைக் குச்சி ஊன்றிவிடுவாராம். சுவரின் வெளிப்பக்கம் மொத்தமும் பெரியப்பாவின் கொல்லைக்குள் போய்விட்டது என்பது கடைசிச் செங்கல் வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அரியலூரில் சிமெண்டு மூட்டை ஏற்றி இறக்குகிற மனுஷன், ஊரில் பாதி வீட்டுக்கு யோசனை சொல்கிறவர், தன் வீட்டில் இப்படிக் கோட்டை விட்டார்.

ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றோடு வருகிற மழை நேராக அந்தச் சுவரில்தான் அடிக்கும். வெளியே குடித்த தண்ணீரைச் சுவர் உள்ளே கசியவிடும். என் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. ஈரம் ஏறிய மறுநாளே அவனுக்கு இளைப்பு வந்துவிடும். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். போன மழைக்கு ஒருமுறை உதடு நீலம் பாய்ந்து, அரியலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுவர் ஈரத்தைச் சரி செய்யாமல் மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதனால் அந்தப் புரட்டாசியில் அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"மழைக்குள்ள செவுத்தப் பூசலன்னா நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்களும் ஒங்க எல்லைக் கல்லும் சேந்து குடும்பம் நடத்துங்க."

அப்பா திட்டம் போட ஆரம்பித்தார். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுக்கச் சுவர் வரைந்தார். கூரையிலிருந்து கயிறு கட்டித் தொங்கிப் பூசுவது முதல் திட்டம். எங்களுடையது ஓட்டு வீடு, ஆள் ஏறினால் ஓடு நொறுங்கும். உள்பக்கமாக இரட்டைப் பூச்சு போடுவது இரண்டாவது திட்டம். அதைக் கேட்டுவிட்டு மேஸ்திரி சிரித்தார். தண்ணீர் வருகிற வழி வெளியே இருக்கிறது, உள்ளே அடைத்து என்ன செய்வது என்றார். மூன்றாவதாக அண்ணனைக் கேட்பது என்று ஒரு வழி இருந்தது. அதை மட்டும் அப்பா எந்தத் தாளிலும் எழுதவில்லை.

கடைசியில் மேஸ்திரிதான் போய்க் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் வாசலிலேயே நின்றிருந்தோம். அவர் திரும்பி வந்து பெரியப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"ஒரு நாளு. விடிஞ்சா வரலாம், பொழுது சாயறதுக்குள்ள சாரத்தப் பிரிச்சிடணும். நானும் ஆளுங்களும் வரலாமாம். ஒங்க காலு மட்டும் அந்த மண்ணுல படக் கூடாதாம்."

அப்பாவின் முகம் சுண்டிப் போயிற்று. அம்மா சட்டென்று, "சரின்னு சொல்லுங்க" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. காலையிலிருந்தே வானம் மூட்டம் போட்டிருந்தது. நான் எங்கள் கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா தன் கயிற்றுக் கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியம்மா செத்துப் போய், ஒரே மகளைக் குரும்பலூரில் கட்டிக் கொடுத்த பிறகு அவர் தனி ஆள். மாடு மிதித்த வலது காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் நடப்பார். அந்தக் காலும் அந்த மீசையும் சேர்ந்து எனக்கு அவர்மேல் பயத்தையும் வெறுப்பையும் சரிபாதியாக வளர்த்திருந்தன.

அப்பா வீட்டுக்குள் இருந்தார். வெளியே கொத்தனார் கலவையை வீசுகிற ஒவ்வொரு அடியும் உள்ளே 'தப்' என்று கேட்கும். சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே கையை வைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக நகர்ந்துகொண்டே இருந்தார். சத்தம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "ஏன் நிப்பாட்டிட்டாங்க, போய்ப் பாருடி" என்று என்னை விரட்டுவார்.

மத்தியானத்துக்கு மேல் சாரத்தில் ஒரு கட்டு அவிழ்ந்துவிட்டது. பலகை சரிந்து, மேஸ்திரி "ஐயோ, பிடிங்கடா!" என்று கத்தினார். அப்பா வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். எல்லைக் கல்லருகே வந்தவர் ஒரு காலைத் தூக்கிவிட்டார். அதே நேரத்தில் பெரியப்பா கட்டிலை விட்டு எழுந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பா தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். பெரியப்பா நொண்டிக்கொண்டே போய்ச் சாரக் கம்புக்குத் தோளைக் கொடுத்து, கட்டுப் போட்டு முடிகிறவரை அசையாமல் நின்றார். கம்பு விழுந்து கிணற்றுச் சுவர் உடைந்துவிடும் என்கிற பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மழை வரவில்லை. பொழுது சாய்வதற்குள் பூச்சு முடிந்து சாரமும் இறங்கிவிட்டது. மேஸ்திரி கை கழுவிக்கொண்டே அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடக் கடவுளே, அதக் கேக்க மறந்துட்டனே! ஒரு நாளுன்னுல்ல ஒத்துக்கிட்டு வந்தோம்!"

எதை மறந்தார் என்று கேட்டேன். உனக்கு ஒன்றுமில்லை, போ என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிகாலையில் வடக்குச் சுவரில் 'சளார்' என்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்து ஓடித் துவைக்கிற கல்லில் ஏறினேன். பெரியப்பா கிணற்றிலிருந்து இறைத்த வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொம்பு சொம்பாக மொண்டு எங்கள் புதுச் சுவரில் வீசிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எந்தத் தண்ணீர் படக் கூடாதென்று இத்தனை பாடுபட்டோமோ அதே தண்ணீர்! பூச்சு காய்வதற்குள் கரைத்துவிடப் பார்க்கிறார் என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"எங்க செவுத்துல எதுக்குத் தண்ணி ஊத்துறீங்க? ஒங்க கெணறு வத்திப் போவும், பாத்துக்கிட்டே இருங்க!"

அவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த சொம்பை மொண்டார். அதற்குள் அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துப் போனாள். முதுகில் ஒன்று வைத்துவிட்டு, "நீ ஒண்ணும் பாக்கல, தெரிஞ்சுதா? வெளிய மூச்சு வுடக் கூடாது" என்றாள். அம்மா இவ்வளவு பயந்தாங்கொள்ளி என்று எனக்கு அதுவரை தெரியாது.

சரி, அப்பாவிடம் சொல்லலாம் என்று போனேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, எத்தனை வாளி என்றார். ஆறு என்றேன். உச்சிவரை எட்டுகிறதா என்று கேட்டார். பெஞ்சு போட்டு ஏறி ஊற்றுகிறார் என்றேன். சாயங்காலமும் வருகிறாரா என்று பார்க்கச் சொன்னார். பஞ்சாயத்தில் வைக்கச் சாட்சி சேர்க்கிறார் போலிருக்கிறது என்று எனக்கு ஏக சந்தோஷம். காலையும் மாலையும் ஒன்று விடாமல் பார்த்து வந்து சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் 'ம்' என்று தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

நாலு நாளாயிற்று. பஞ்சாயத்தும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த வீட்டில் ரோஷம் உள்ளவள் நான் ஒருத்திதான் என்று முடிவு செய்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போன நேரம் வேலி இடுக்கில் புகுந்து, கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, வாளியைக் கிணற்றுக்குள் போட்டேன். அது குடுகுடுவென்று தண்ணீர் குடித்து முழுகியதைப் பார்த்த பிறகுதான் என் மனம் ஆறியது.

மறுநாள் விடிந்ததும் சத்தம் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று வாசலுக்கு வந்தால், தெருமுனை அடிபம்பிலிருந்து பெரியப்பா வந்துகொண்டிருந்தார். தோளில் குடம். சாய்த்துச் சாய்த்து நடந்ததில் பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியிருந்தது. எங்கள் வாசலைக் கடந்து போய் ஊற்றிவிட்டு மறுபடியும் வந்தார். எட்டு நடை நடந்தார். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவரு வாளி என்னாச்சு?"

"எனக்கென்ன தெரியும்?"

அன்றும், அடுத்த இரண்டு நாளும் பெரியப்பா குடத்தில்தான் சுமந்தார்.

பல வருஷம் கழித்துப் பெரம்பலூரில் நாங்கள் வீடு கட்டியபோது, பூச்சு முடித்த கொத்தனார் என்னிடம் சொன்னார்: "ஏழு நாளைக்குக் காலையும் சாயந்தரமும் தண்ணி ஊத்துங்கம்மா. இல்லன்னா பூச்சு வெடிச்சு மழை உள்ள எறங்கிடும்." நான் அப்படியே மணல் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆச்சும்மா என்று அவர் பதறிப் போனார். அந்த வாளியை நினைத்து எனக்கு வந்த அழுகையை அவரிடம் எப்படிச் சொல்ல?

ஆனால் அந்த எட்டாம் நாள் எனக்கு எட்டு வயதுதான். அன்று பெரியப்பா தண்ணீர் ஊற்ற வரவில்லை. முந்தின நாள் ராத்திரி ஐப்பசியின் முதல் மழை அடித்து ஓய்ந்திருந்தது. அப்பா உள்பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு கடைக்குப் போய் ஒரு புது இரும்பு வாளி வாங்கி வந்து, பெரியப்பாவின் கிணற்றடியில் வைத்துவிட்டு வரச் சொன்னார். ஏதும் பேசக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவருக்கு நாம் எதற்கு வாளி வாங்கித் தர வேண்டும்? முணுமுணுத்துக்கொண்டே போய்க் கிணற்றடியில் 'ணங்' என்று வைத்தேன். பெரியப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து வாளியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, ராத்திரி மழையில தம்பி தூங்குனானா?"

"எங்க தம்பி தூங்குனா ஒங்களுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு, அவர் அடிப்பதற்குள் வேலி இடுக்கில் நுழைந்து ஓடி வந்துவிட்டேன்.