பதினான்காம் நாள்

மாடி அறைக்கு ஒரு வெளிநாட்டு மாணவி வரப்போகிறாள் என்றதும் என் மனைவி தலையணை உறைகளைத் துவைத்துப் போட்டாள். நான் படிவங்களை எடுத்துவைத்தேன். கடலூரில் ஓர் அலுவலகத்தில், வெளிநாட்டினர் பதிவைக் கவனிக்கும் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு சிதம்பரத்தில் வீடு, மாடியில் ஓர் அறை, தலை நிறைய விதிகள். விதிகளைக் கேட்கத்தான் ஆளில்லை. அந்தப் பெண்ணின் வருகை எனக்குப் பணி நீட்டிப்பு கிடைத்த மாதிரி இருந்தது.

மலேசியத் தமிழ்ப் பெண். பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு படிக்க, கடலூர் சாலையில் இருந்த ஒரு கல்லூரிக்கு வந்திருந்தாள். தாய் இல்லை. தந்தை லாரி ஓட்டுநர். மாலையில் கீழே இறங்கி வந்து, காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய கல்லூரியை எங்களுக்குச் சொல்வாள்.

"கிளாஸ்ல ஒரு சந்தேகம் கேட்டேன் அங்கிள். அம்பது பேரும் மூச்சு விடல. பின்னால இருந்த பொண்ணு துப்பட்டாவ இழுத்து, ‘அக்கா, கேள்விலாம் கேக்காதீங்க, இன்டர்னல் மார்க்குல சார் கைய வெச்சிடுவாரு’ன்னுச்சு."

"அது நல்ல பொண்ணு, கூட வெச்சிக்க" என்றாள் என் மனைவி.

"ஆம்பளைங்களுக்கு ஒரு படிக்கட்டு, பொம்பளைங்களுக்கு ஒரு படிக்கட்டு. ரெண்டும் ஒரே வராந்தாவுலதான் போயி முடியுது. அப்புறம், மலேசியான்னு சொல்றீங்க, எப்படி எங்கள மாதிரியே கறுப்பா இருக்கீங்கன்னு கேட்டாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு நீங்க என்ன ஆளுங்கன்னாங்க. நாங்க லாரிக்காரங்கன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"‘அது இல்லக்கா’ன்னாங்க."

கல்லூரி அலுவலகத்தில் அடையாள அட்டை வாங்கப் படிப்புச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் வாங்க அடையாள அட்டை கேட்டார்கள். அவள் மூன்று நாள் இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவில் நடந்தாள். இரண்டு விண்ணப்பத்தையும் ஒன்றாகப் பின் அடித்துக் கொடு, யார் முதலில் பிரிக்கிறார்களோ அவர்கள் தலையில் வேலை விழும் என்று சொல்லிக் கொடுத்தேன். மறுநாளே இரண்டும் கிடைத்தன. அன்றிலிருந்து அவளுக்கு என்மேல் நம்பிக்கை. நடந்ததற்கெல்லாம் அந்த நம்பிக்கைதான் காரணம்.

வந்த பதினான்கு நாட்களுக்குள் அவளைப் பதிவு செய்ய வேண்டும். இப்போது எல்லாம் கணினி வழியாகத்தான். முதல் வாரத்திலேயே காகிதங்கள் தயார்.

"ஏங்க, இன்னிக்கே அனுப்பிட்டா என்ன?" என்றாள் மனைவி.

"ஒனக்குத் தெரியாது. சீக்கிரமா போற விண்ணப்பத்தத்தான் உக்காந்து படிப்பாங்க. கடைசி நாள்ல போறது தன்னால கையெழுத்தாயிடும்."

இது எங்கள் பிரிவின் வேதம். பதினான்காம் நாள் ஆனித் திருமஞ்சனம். மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. கெடு விடுமுறை நாளில் முடிந்தால் அடுத்த வேலை நாளில் செய்யலாம் என்பது விதி. ஆகவே அவளைக் கோயிலுக்கு அழைத்துப் போனோம். கூட்டத்துக்கு மேலே செல்போனைத் தூக்கிப் பிடித்து அவள் தன் அப்பாவுக்குத் தரிசனம் காட்டினாள். அவர் அதிலேயே கும்பிட்டார். பிறகு என்னிடம் பேசினார்.

"டாக்குமென்ட் எல்லாம் சரியா இருக்கா சார்? புள்ள தனியா இருக்கு."

"எங்கிட்ட விட்டுடுங்க. இதுலயே முப்பத்தாறு வருஷம்."

மறுநாள் காலையில் பதிவேற்றினேன். எங்கோ இருந்த கணினிக்குத் திருமஞ்சனம் தெரியவில்லை. ‘தாமதம். காரணம் கூறவும்’ என்றது. ஒரு வரி வருத்தம் தெரிவித்திருந்தால் போதும். நான் விதி எண்களோடு மூன்று பக்கம் எழுதினேன். அதிலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றுக்கும் எழுதினேன். உண்மையைச் சொன்னால், நெடுநாள் கழித்து மகிழ்ச்சியாக இருந்தேன்.

பத்து நாள் போயிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பையோடு கீழே வந்தாள். அப்பாவுக்கு மாரடைப்பு; போய்விட்டார்.

"சாயங்காலம் சென்னையில ஃப்ளைட் இருக்கு அங்கிள். நாளைக்கு மத்தியானம்தான் எடுக்கறாங்களாம். மொகத்தப் பாத்துருவேன்."

"பதிவு இன்னும் முடியலம்மா. இப்படியே போனா ஏர்போர்ட்ல நிறுத்திடுவாங்க. கேஸாயிடும். காலையில கடலூர் போயி அனுமதி வாங்கிடலாம்."

"அந்தப் புள்ள போவட்டுங்க" என்றாள் மனைவி.

"ஒனக்குத் தெரியாது."

அந்தப் பெண் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

காலையில் முதல் பேருந்து. குடிகாட்டு ரசாயன ஆலைகளின் வாடை வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார்கள். அவள் பொத்தவில்லை. அலுவலகத்தில், என் பழைய மேசைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். விஷயத்தைக் கேட்டாள், கணினியில் தட்டினாள், அரைமணியில் அனுமதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"எதுக்கு சார் இவ்ளோ தூரம்? நேத்தே நேரா ஏர்போர்ட்டுக்குப் போயி சாவுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்களே. பெண்டிங்லதான இருக்கு, ரிஜெக்ட் ஆவலியே."

"எந்த விதிப்படி?" என்று கேட்டேன். என் வாயில் அதுதான் வந்தது.

"விதி என்னா சார் விதி, அவங்க அப்பா செத்துட்டாரு."

மலேசியாவில் அதற்குள் மதியமாகியிருந்தது; இனி எந்த விமானமும் நேரத்துக்குப் போய்ச் சேராது. கடலூர் பேருந்து நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவள் செல்போனைப் பார்த்தாள். அங்கே அத்தை ஒருத்தி போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். முகம் திரையில் நிற்கவில்லை. நடத்துனர் "சிதம்பரம், சிதம்பரம்" என்று கூவிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். நான் கடிதத்தைக் கையில் வைத்திருந்தேன்.

முடிந்ததும் போனைப் பைக்குள் போட்டாள். அழவில்லை.

"அந்த லெட்டர் எத்தன நாளைக்குச் செல்லும் அங்கிள்?"

"முப்பது நாள்" என்றேன். சரியாகத்தான் சொன்னேன்.