மூணுக்கு மூணு

ஒரு கேபிள் டிவிக்காரங்க ராசிபுரத்துல கல்யாண மண்டபம் பிடிச்சு, ஒரு போட்டிக்காகப் பன்னெண்டு பேரைப் பத்து நாளைக்கு உள்ளே போட்டுப் பூட்டினாங்க. தினம் சாயங்காலம் எங்களுக்குள்ளயே ஓட்டு. அதிக ஓட்டு வாங்கினவங்க மூட்டையைக் கட்டணும். நான் கணக்கு டீச்சர். கூட்டல் கழித்தல் தெரிஞ்சவளை யார் அசைக்க முடியும்னு ஒரு திமிர் எனக்கு.

கடைசியில ஆறு பேர் மிஞ்சினோம். இந்தப் பக்கம் நான், ஒரு தறிப் பட்டறைக்காரர், என் அறையில தங்கியிருந்த பரமத்தி வேலூர்ப் பொண்ணு. அந்தப் பக்கம் போர் போடற ரிக் வண்டி ஏஜென்ட் ஒருத்தர், அவர் ஆளுங்க ரெண்டு பேர். அவரை அனுப்பணும்னு நான், என்னை அனுப்பணும்னு அவர்.

அந்தப் பொண்ணு பியூட்டீசியன் கோர்ஸ் முடிச்சவ. "ஜெயிச்சுட்டு வா, பார்லர் வெச்சுத் தாரேன். தோத்துட்டா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது"ன்னு வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். தூக்கத்துல கூடக் கடைக்குப் பேர் யோசிப்பா.

ஓட்டு சமமா வந்தா விதி விசித்திரமானது. சிக்கின ரெண்டு பேரை விட்டுட்டு, மத்த நாலு பேர் மறுபடி ஓட்டுப் போடணும். அப்பவும் சமம்னா சிக்கினவங்க ரெண்டு பேரும் தப்பிச்சாங்க. அந்த நாலு பேரும் குடத்துக்குள்ள கைவிட்டுக் கோலிக்குண்டு எடுக்கணும். நாலுல ஒண்ணு கறுப்பு, அது வந்தவங்க வெளியே. பயத்துல அந்தப் பக்கம் ஒருத்தர் எப்படியும் மாறிடுவார்னு நான் கணக்குப் போட்டேன். எங்க பக்கம் மாறாம இருக்கணுமே? அந்தப் பொண்ணு தோட்டத்துலேருந்து கொண்டாந்திருந்த வெத்தலையவே வாங்கி, பாக்கு வெச்சு அவகூட மாத்திக்கிட்டேன். எங்க ஊர்ப் பக்கம் வெத்தலை மாத்தினா பேச்சு மாத்தக் கூடாது. நிச்சயத்துக்கும் அதுதான், குத்தகைக்கும் அதுதான்.

மூணுக்கு மூணு வந்தது. மறு ஓட்டுக்கு முன்னால, "ஏதாச்சும் சொல்றீங்களா மேடம்?"னு நடத்தறவர் மைக்கை நீட்டினார். அவ மொகம் வெளுத்துக் கிடந்தது. உன் இஷ்டம்போல போடு கண்ணுன்னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேன், அவ இருந்திருப்பா. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். ஒண்ணுமில்லைன்னு தலையை ஆட்டினேன்.

ரெண்டுக்கு ரெண்டு. அந்தப் பக்கமும் ஒரு ஆள் மாறலை. குடத்துல முதல்ல கைவிட்டது அவதான். கறுப்பு.

பையைத் தூக்கிட்டுக் கிளம்பறப்ப என் கையைப் பிடிச்சா.

"ஏனுங்கக்கா, நான் மாறலைங்க. பாத்தீங்கல்ல?"

"பாத்தேன் சாமி."

வெக்கத்துல எனக்கு அவ கண்ணைப் பாக்க முடியலை. வாசல்ல அவ வீட்டுக்காரர் வண்டியை ஸ்டார்ட் பண்ணியே வெச்சிருந்தார். அவ ஏறிட்டா.

நாங்க ரெண்டு பேர், அவங்க மூணு பேர். இதைக் கூட்டிப் பாக்க டீச்சர் வேண்டியதில்லை, ஒண்ணாங் கிளாஸ் குழந்தை போதும். மறுநாளே என்னை அனுப்பிட்டாங்க. ஒரே ஒரு நாள் கூடுதலா உக்காந்திருக்க, அவ பார்லரைத் தின்னுட்டேன்.