பச்சைத் தண்ணீருக்குப் பெயர் வைத்த கதை

கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குப் பெயர் சொல்லிச் சம்பளம் வாங்குவது என் தொழில். ராமேஸ்வரம் தீவில், ஓர் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கி முன் உட்கார்ந்து, கடல்நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் உயிர்களை இனம் பிரிக்கிறேன். என்ன வேலை என்று வீட்டில் புரியவைக்க முடியாமல் விழிக்கிற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான்.

அய்யா பார்த்த குடும்பங்கள்

முதுகுளத்தூரில் மிளகாய் பயிர் போடும் எங்கள் அய்யா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருமுறை வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். கண்ணாடி ஓடு போட்டது, வாலைச் சுழற்றுவது, கொம்பு முளைத்தது என்று ஒவ்வொன்றும் எந்தக் குடும்பம் என அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார்.

"இத்தனை குடும்பம் தெரிஞ்சு வச்சிருக்க. ஒனக்குப் பொண்ணு குடுக்க ஒரு குடும்பம் தெரியலையேப்பா."

விளக்கி வைத்த பாட்டில்

போன வருஷம் கரையோரக் கடல் திடீரென்று பச்சையாகிவிட்டது. மீன்கள் செத்து ஒதுங்கின. கடலில் விஷம் என்று புரளி கிளம்ப, வியாபாரிகள் மீன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு வழக்கமாகக் கடல்நீர் மொண்டு தருபவர் அக்காள்மடம் மீனவர் அந்தோணி அண்ணன். ஐந்து நாளாக அவர் பிடித்து வந்த மீனைச் சீந்த ஆளில்லை. பச்சைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டில் வைத்திருந்தார். நான் போனபோது பாட்டில் பளிங்கு மாதிரி இருந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கோ ஒரே பெருமை.

"ஒரே நாத்தம் தம்பி. ஆபீசுக்குப் போற சாமானாச்சேன்னு நல்லா வெளக்கி, குழாத்தண்ணி புடிச்சு வச்சிட்டேன்."

செடியா, பூச்சியா?

அண்ணன் மறுபடி மொண்டு வந்தார். நுண்ணோக்கியில் வால் முளைத்த ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. நாக்டிலூகா! விஷம் கக்கும் இனமில்லை. அளவுக்கு மீறிப் பெருகியதால் மீன்களுக்கு மூச்சு முட்டியிருக்கிறது, அவ்வளவுதான். "செடியா, பூச்சியா?" என்று கேட்டார் அண்ணன். மற்ற உயிர்களைப் பிடித்துத் தின்னும், வயிற்றுக்குள் பச்சைப் பாசியையும் குடிவைத்து வளர்க்கும் என்றேன்.

"கறியும் திங்குது, வீட்டுக்குள்ளேயே தோட்டமும் போட்டிருக்கு. நம்மள விட வசதியாத்தான் இருக்கு!"

கடைசிப் பரிசோதனை

ஒதுங்கிய மீனைத் தொடாதீர்கள், பச்சைத் தண்ணீருக்கு அப்பால் பிடித்ததை விற்கலாம் என்று எங்கள் அதிகாரி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வியாபாரிகள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே திணித்தார்கள். உடனே ஸ்டெல்லா அக்கா, அன்று காலையில் பிடித்த மீனைக் குழம்பு வைத்து, தட்டோடு கரைக்கு வந்து என் முன்னால் நீட்டினார். நான் வைத்த பெயர் சரிதானா என்று எனக்கே அப்போதுதான் சந்தேகம் வந்தது. அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். ஒரு மணி நேரம் என்னைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மூத்த வியாபாரி வாயைத் திறந்தார்.

"உசுரோடதான் இருக்கான். மீன எடை போடுங்கப்பா."

அன்றிலிருந்து எந்த உயிருக்குப் பெயர் எழுதுவதானாலும் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், தின்று காட்டப் போகிறவன் நான்தானே!