மூளைக்கு மாத்திரை, தலைக்கு அருவி

இது நடந்தது ஐம்பதுகளின் கடைசியில். தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. மூத்த மகளுக்கு எட்டு வயது. இரண்டாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் திறந்ததுமே டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, "இவளுக்கு மண்டையில ஏற மாட்டேங்குதும்மா. வீட்டு வேலையப் பழக்குங்க" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "கால் பரீட்சை வரைக்கும் பாப்போம். அதுலயும் இப்படித்தான்னா நிப்பாட்டிருவோம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்கு அன்றோடு தூக்கம் போயிற்று. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்க ஆசைப்பட்டு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். என் மகளும் அடுப்பங்கரையோடு நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேன். அதோடு நான் எதற்கும் பொறுத்திருக்கிற ஆள் இல்லை. உலை கொதிக்கிறதா என்று மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ரகம்.

காலையில் எழுந்ததும் வல்லாரைக் கீரையை அரைத்து அவள் வாயில் திணிப்பேன். வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று யாரோ சொல்ல, வீடு முழுக்க வெண்டைக்காய் தின்றோம். "இனி இந்த வீட்ல எல்லாருக்கும் கணக்கு வந்துரும் போல இருக்கே" என்று மாமனார் கிண்டல் பண்ணினார். போதாததற்கு, வாரப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து மூளை வளர்ச்சி மாத்திரைக்கு எழுதிப் போட்டேன். தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு வி.பி.பி. பார்சலைக் கொடுத்தார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்பு உருண்டை. மகளுக்குக் கொடுக்கும் முன்னால் நானே ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். புத்தி வந்த மாதிரி தெரியவில்லை. வயிற்றைக் கலக்கியதுதான் மிச்சம். ஆனாலும் கொடுத்தேன். அவள் ஒரு தடவைகூட மாட்டேன் என்று சொன்னதில்லை, வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள்.

அவளைப் பார்த்தால் யாரும் மந்தம் என்றுதான் சொல்வார்கள். பேச்சு கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். யார் பேசினாலும் லேசாக வாயைத் திறந்துகொண்டு அவர்கள் முகத்தையே பார்ப்பாள். சொல்வதெழுதுதல் என்றால் முட்டைதான். ஆனால் போர்டில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சுக் கோத்த மாதிரி எழுதுவாள். உயரமான பிள்ளை என்று கடைசி பெஞ்சில் போட்டிருந்தார்கள். வீட்டில் நான் எத்தனை தடவை "ஏட்டி" என்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். அத்தனையும் திமிர் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்ததும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாமனார் இருக்கிற வீடு அது. மருமகள் வாயைத் திறந்து பேசக் கூடாது. பேசினாலும் முந்தானையை வாய்மேல் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்போது அதுதான் மரியாதை. எனக்கு அது எப்படிப் பழகிப்போயிற்று என்றால், அடுப்பங்கரையில் மகளோடு தனியாக இருக்கும்போதும் முந்தானை தானாக வாய்க்குப் போய்விடும்.

ஆடிச் சாரல் பிடித்தது. கடையத்திலிருந்து வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி வந்திருந்தாள். "மாத்திரைய எல்லாம் தூரப் போடு. குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி பேரருவியில தலையக் காட்டு. பைத்தியமே தெளியுது, மந்தம் தெளியாதா?" என்றாள். புத்தி கலங்கியவர்களை அருவியில் குளிக்க வைக்க எங்கெங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வருவார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. மறுநாளே ஒரு குதிரைவண்டி பிடித்து மூன்று பேரும் கிளம்பினோம்.

அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் ஒரே நெரிசல். எங்களுக்கு முன்னால், தலையை மொட்டையடித்த ஒரு பெண்ணை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். என் வயதுதான் இருக்கும். அவள் திமிறத் திமிறத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். இந்த வரிசையிலா என் பிள்ளையை நிறுத்தப் போகிறேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் கால் பரீட்சை கண்முன்னால் நின்றது. மகளை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குக் கீழே நின்றேன்.

மதினி கொஞ்சம் தள்ளிப் பாறை ஓரம் நின்றுகொண்டு ஏதோ சொன்னாள். அருவிச் சத்தத்தில் ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. "என்ன மதினி சொல்லுதிய?" என்று நான் கத்தியதும் அவளுக்குக் கேட்கவில்லை. இருவரும் மாறி மாறி வாயை அசைத்துக்கொண்டிருந்தோம். மகள் என் கையை இழுத்தாள். தலையைத் தேய்ப்பது போலக் காட்டி, வண்டி நிற்கிற பக்கம் கையை நீட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்து மதினியைக் கேட்டேன். "சீயக்காய் டப்பாவ வண்டியிலயே விட்டுட்டேன்னு தொண்டை கிழியச் சொல்லுதேன், நீ முழிக்கியே" என்றாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சத்தம் கொஞ்சம் குறைந்த இடத்தில் மகளை உட்கார வைத்துத் தலையைத் துவட்டினேன். மதினி அந்தப் பக்கம் தெரிந்த ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் வாய் அசைவதுதான் எனக்குத் தெரிந்தது. மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பி, மழை வருகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"நான் பைத்தியம் இல்லையாம். மந்தம்தானாம். அத்தை அங்கன சொல்லுதாவ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருவியில் குளித்த குளிர் எல்லாம் அப்போதுதான் உடம்பில் ஏறியது. அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்து, "பசிக்குதா?" என்று கேட்டேன். "ம்" என்று தலையாட்டினாள். "தோசை வேணுமா, இட்லியா?" அதையும் அப்படியேதான் கேட்டேன். "தோசை" என்றாள். பிறகு கையிலிருந்த ஈரத் துண்டால் வாயை மூடிக்கொண்டு, உரக்கவே, "அம்மா பேசுறது கேக்குதா?" என்றேன். அவள் எட்டித் துண்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"மூடிக்கிட்டா எப்படிம்மா கேக்கும்?"

எல்லாருக்குமே வாயைப் பார்த்தால்தான் பேச்சு கேட்கும் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் முந்தானைக்குப் பின்னால் நின்று பேசிவிட்டு, பதில் வரவில்லை என்று அவள் முதுகில் அடி வைத்திருக்கிறேன். அருவி ஓரத்தில் அத்தனை பேர் முன்னால் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அருவி அவளைத் தெளியவைத்துவிட்டது என்று மதினி நினைத்து, கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த வாரமே திருநெல்வேலியில் ஒரு காது டாக்டரிடம் காட்டினோம். "மணல்வாரி அம்மை போட்டிருந்தப்போ காதுல சீழ் வந்துதா?" என்று கேட்டார். வந்திருந்தது. எண்ணெய் காய்ச்சி விட்டோம், நின்றுவிட்டது, மறந்தும்விட்டோம். ஒரு காது அநேகமாகப் போய்விட்டது, மற்றதில் கொஞ்சம் இருக்கிறது, இருப்பதைக் காப்பாற்றலாம், இனி அருவிப் பக்கமே கொண்டு போகாதீர்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் முதலில் நம்பவில்லை. ஆனாலும் அவளை முன் பெஞ்சில் போட்டார், போர்டைப் பார்த்துப் பேசுவதை விட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பேசினார்.

வீட்டில் நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். மாமனார் இருக்கும்போதே மகளுக்கு முன்னால் நின்று வாயைத் திறந்து பேசினேன். முதல் நாள் அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கை வாய்க்குப் போகவில்லை. அவரும் திரும்பப் பேப்பருக்குள் போய்விட்டார்.

கால் பரீட்சையில் அவள் ஒன்றும் முதலாவதாக வந்துவிடவில்லை. சொல்வதெழுதுதலில் பாதிக்கு மேல் சரியாக எழுதியிருந்தாள், அவ்வளவுதான். நிப்பாட்டுகிற பேச்சை அதன் பிறகு அவள் அப்பா எடுக்கவில்லை. பள்ளி இறுதி வரை படித்துத் தேறினாள்.

இன்றைக்கும் என் மகள் தேறிய கதை தெரிந்த யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, "ஞாபக சக்திக்கு எந்த டானிக் நல்லது?" என்று என்னைக் கேட்கிறார்கள். மருந்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. என் வாயிலிருந்து ஈரத் துண்டை இழுத்த அந்தச் சின்னக் கைதான் ஞாபகம் வருகிறது, உடனே அவர்கள் கூட்டி வந்த பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்து உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறேன்.