அண்ணன் தொடாத முன்பணம்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: ஆத்தா, தாய்மாமா, மாமாவோடு வந்த லாரிக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை, தேவாரம் ஊரிலிருந்து வந்த ஒத்தை லாரி முதலாளி, அண்ணன், நான். ஆறு பேர்தான். அண்ணனை நல்ல இடத்தில் சேர்த்துவிட்டது தாம்தான் என்று மாமா இப்போது சொல்லி வருவதால், யார் யார் இருந்தோம் என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. துக்கத்தில் எல்லாருக்கும் நினைவு கொஞ்சம் இடம் மாறித்தான் போகிறது.

அண்ணன் கனரக வண்டி லைசென்ஸ் வாங்கி வந்து, முதல்முதலாக யாருடைய வண்டியை ஓட்டுவது என்று முடிவான நாள் அது.

அண்ணன் பிறந்தது ராசிங்காபுரம். அய்யாவுக்கு இருந்த மானாவாரி நிலம் கடனில் போன பிறகு, அய்யா மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனார். மழைக்காலத்தில் காய்ச்சலோடு இறங்கி வந்தவர் திரும்பவும் ஏறவில்லை. அதன் பிறகுதான் நாங்கள் போடிக்கு வந்தோம். அண்ணன் லாரியில் கிளீனராகப் போனார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, ஆத்தாவோடு ஏலக்காய் பொறுக்கும் கிட்டங்கிக்குப் போனேன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கிளீனர் வேலை என்றால் வண்டியைத் துடைக்கிற வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. போடிமெட்டு மலைப்பாதையில் அப்படி இல்லை. லோடு ஏற்றிய லாரி ஒரே திருப்பில் வளைவு ஏறாது. கொஞ்சம் ஏறி நிற்கும், பின்னால் வரும், மறுபடி ஏறும். நிற்கிற அந்த நேரத்தில் கிளீனர் குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைப் போட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் வண்டி பள்ளத்துக்குப் போய்விடும். பல வருஷம் அந்தக் கட்டையைப் போட்டவர் அண்ணன். அதனால் டிரைவர் ஆன பிறகும், "கட்டையப் போட்டாச்சா?" என்று கேட்டு, "போட்டாச்சுண்ணே" என்று பதில் வந்த பிறகுதான் பிரேக்கில் இருந்து காலை எடுப்பார். வீட்டில் கோழிக்கூண்டை மூடினாலும் அதே கேள்விதான். ஆத்தா சிரித்துக்கொண்டே, "போட்டாச்சுண்ணே" என்று மகனை அண்ணன் என்று கூப்பிடுவாள்.

லைசென்ஸுக்காக மதுரைக்கு நடையாய் நடந்த செலவுக்கு ஆத்தாவின் தண்டட்டி அடகுக்குப் போயிருந்தது. வெறுங்காதோடு ஆத்தா கிட்டங்கிக்கு வருவதை என்னால் பார்க்க முடியாது. கனத்த நகையைச் சுமந்து நீண்ட காது, ஒன்றுமில்லாமல் ஆடும்.

எங்கள் பக்கம் டிரைவரை வேலைக்கு எடுக்கும் முறை இப்படி. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் முன்பணத்தை வைத்துக் கொண்டுவருவார்கள். டிரைவர் அதைத் தொட்டுவிட்டால் அந்தக் கம்பெனியின் ஆள். மாதாமாதம் கூலியில் பிடித்து அந்தப் பணம் கழிகிறவரை வேறு வண்டியில் ஏற முடியாது. கணக்குப்பிள்ளை கொண்டுவந்த தட்டில் ஐந்து நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. தட்டை நடுவீட்டில் வைத்தார். எங்கள் கோழி வந்து வெற்றிலையைக் கொத்தப் பார்த்தது. நோட்டைக் கிழித்துவிடுமோ என்ற பயத்தில் நான் ஒரு கூடையை எடுத்துத் தட்டின்மேல் கவிழ்த்தேன்.

"என்ன மாப்ளே, ஒன் தங்கச்சி பணத்த அடைகாக்க வச்சிட்டா. குஞ்சு பொரிக்குமா?" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

மாமா தொடர்ந்து சொன்னார்: "ஆறு வண்டி ஓடுற கம்பெனி மாப்ளே. பம்பாய் வரைக்கும் ஏலக்காய் போகுது. நேத்து லைசென்ஸு வாங்குனவனுக்கு யாரு வீடு தேடி வந்து குடுப்பா? எல்லாம் எம் முகத்துக்காக."

அண்ணன் மெதுவாகத்தான் பேசினார். "மாமா, போன மாசம் மலையடியில, முந்தல்ல, அந்தக் கம்பெனி டிரைவரு ஒருத்தரு வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதுக்கிட்டு நின்னாரு. பிரேக்கு சரியில்லயாம். அப்பறம் கண்ணத் தொடச்சிட்டு ஏறி உக்காந்து எடுத்துட்டாரு. ஏண்ணே எடுக்குறீகன்னு கேட்டேன். முன்பணத்துல எழுநூறு நிக்குதுடா தம்பின்னாரு."

கணக்குப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. "அதெல்லாம் ஒண்ணு ரெண்டு நடக்கும்ப்பா. முன்பணம் வாங்காத டிரைவரு எந்த ஊர்ல இருக்கான்?"

"பணம் வேணாங்கலண்ணே. எனக்கு என் வாய் வேணும்."

வாசலில் கவிழ்த்துப் போட்ட உரலில் உட்கார்ந்திருந்த தேவாரத்து முதலாளி தொண்டையைக் கனைத்தார். அவருக்கு ஒரே ஒரு லாரி. அது மேட்டில் ஏறும்போது இருமுகிற இருமலைக் கேட்டே வண்டி யாருடையது என்று சொல்லிவிடலாம். அவருடைய டிரைவர் ஊரைவிட்டுப் போய்விட்டதால் அண்ணனைக் கேட்டுப் பார்க்க வந்திருந்தார். ஆறு வண்டிக் கம்பெனிக்காரர் உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே வரக் கூச்சப்பட்டு வாசலோடு நின்றுவிட்டார்.

அண்ணன் அவரிடம் போனார். "மொதலாளி, எனக்கு முன்பணம் வேணாம். ஆனா ஓடாதுன்னு நான் சொன்னா அன்னைக்கு வண்டி ஓடக்கூடாது. சம்மதமா?"

"நான் மொதலாளியா, நீ மொதலாளியாடா?"

"வண்டி ஒங்களுது. உசுரு என்னுது."

அவர் மடியிலிருந்து சாவியை எடுத்தார். "நீ முன்பணம் கேட்டாலும் எங்கிட்ட இல்லடா அப்பு. அதனால சம்மதம். இந்தா."

ஆத்தா எழுந்து கூடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தட்டைக் கணக்குப்பிள்ளை பக்கமாகத் தள்ளிவிட்டாள். காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன், அண்ணனும் பார்த்தார். இரண்டு வருஷம் கழித்து அந்தத் தண்டட்டியைத் தன் கூலியிலேயே மீட்டுக் கொண்டுவந்து ஆத்தாவின் மடியில் போட்டபோது, "போட்டுக்க ஆத்தா, காது காத்துல ஆடிக்கிட்டே இருக்கு" என்றுதான் சொன்னார்.

அந்த இருமல் வண்டியை அண்ணன் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினார். மலை ஏறும்போது அரிசி, உப்பு, தோட்டச் சாமான். இறங்கும்போது ஏலக்காய், காப்பிக்கொட்டை. ஓடாது என்று அவர் சொன்ன நாட்கள் உண்டு. ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், பின்பக்க வில்பட்டை முறிந்திருக்கிறது என்று அரிசி லோடை எடுக்க மறுத்துவிட்டார். வியாபாரி கிட்டங்கி வாசலில் நின்று போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. முதலாளி ஒரு பேச்சுத்தான் பேசினார்: "டிரைவரு சொல்லிட்டார்ல."

நான் பயந்த சுபாவம். இது உறவுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணன் மேலே போன நாளெல்லாம் வேலை விட்டதும் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பேன். மூணாறு பக்கமிருந்து இறங்கி வருகிற டிரைவர்களிடம், "எங்க அண்ணன் வண்டியப் பாத்தீகளா?" என்று கேட்பேன். அவர்கள் எனக்கு வயர்லெஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "வயர்லெஸு, ஒங்கண்ணன் போடிமெட்டுல புட்டு தின்னுக்கிட்டு இருக்காரு, வெரசா வந்துருவாரு, வீட்டுக்குப் போத்தா" என்று கத்திவிட்டுப் போவார்கள். எனக்குக் கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் இது நிற்கவில்லை. அண்ணன் இதற்காக ஒருநாளும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. மதினியிடம், "எல்லா வண்டிக்கும் கட்டை ஒண்ணு இருக்கும். எனக்கு ரெண்டு" என்பாராம்.

மழை பொய்த்து ஏலச்செடியெல்லாம் காய்ந்த வருஷம் ஆத்தாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தாக வேண்டும், உடனே வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மலையில் லோடு இல்லை. தேவாரத்து முதலாளி தன் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களை விற்றுக் கொஞ்சம் கொண்டுவந்தார். அது மருந்துக்குக்கூடப் பற்றவில்லை. "எங்கிட்ட இல்லையேடா" என்று ஆஸ்பத்திரி வாசலில் அவர் அழுதார்.

மறுபடியும் தட்டு வந்தது. அதே கம்பெனி, அதே கணக்குப்பிள்ளை. இந்தத் தடவை இரண்டாயிரம். அண்ணன் குனிந்து எடுத்துக்கொண்டார்.

தேவாரத்துக்குப் போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது நானும் கூட இருந்தேன். "கழிஞ்சதும் வந்துர்றேன் மொதலாளி" என்றார். "வேற ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன். சந்தைக்கு மட்டும் நானே ஓட்டிக்கிறேன், நீ வா" என்றார் அவர்.

ஆத்தா பிழைத்து வந்தாள். அண்ணன் கம்பெனி வண்டியில் மலைக்கும், பம்பாய்க்கும் மாறி மாறிப் போனார். அந்தக் கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. புது வண்டி, நல்ல பிரேக். ஆனால் அண்ணன் அங்கே ஒருநாள்கூட ஓடாது என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

கடைசி நாள் காலையில் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். இடது தோளைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்தார். முகத்தில் வேர்வை. சுக்கு வெந்நீர் கொடுத்தேன்.

"வாயுப் பிடிப்பு தாயி. சரியாப் போகும்."

"இன்னைக்குப் போகாதீக அண்ணே. ஒடம்பு முடியலன்னு சொல்லிருங்க."

"வண்டி நல்லாத்தான இருக்கு? வண்டி நல்லாருக்கையில என்னன்னு சொல்றது?" என்றார். பிறகு எழுந்து, "இன்னும் கொஞ்சம் நிக்குது. அதக் கழிச்சுட்டுப் படுத்துக்கிறேன். ஒனக்கு எப்பப் பாத்தாலும் பயந்தான்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வாழ்நாளெல்லாம் தேவையில்லாமல் பயந்தவள் நான். அந்த ஒரு நாள்தான் தேவையோடு பயந்தேன். அன்றும் அது எப்போதும் போன்ற பயம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். கேட்டிருந்தால் லீவு கொடுத்திருப்பேன் என்று கம்பெனி முதலாளி பிறகு சொன்னார். கொடுத்திருப்பார். அண்ணனுக்குத்தான் கேட்கிற வாய் இல்லாமல் போயிற்று.

போடிமெட்டுக்குப் பாதி வழியில் மூடுபனி இறங்கியிருக்கிறது. லோடின்மேல் தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வளைவு ஏறும் முன்பே அண்ணன் வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, "கட்டையப் போட்டாச்சா?" என்று கேட்டாராம். கிளீனர் மாரிமுத்து, "போட்டாச்சுண்ணே" என்று சொன்ன பிறகுதான் எஞ்சினை அணைத்திருக்கிறார். மாரிமுத்து முன்பக்கம் வந்து பார்த்தபோது அண்ணன் ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தார். வண்டி ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மேலே இருந்த ஒரு பெண்ணுக்கும் கீறல் இல்லை.

அண்ணனைத் தங்கள் சேலையில் ஏந்தி இறக்கிய பேச்சியம்மாளுக்கும் மற்றப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. அதில் அவர்களுடைய அன்றைய கூலி போய்விட்டது. அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போடி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்த குரங்கணி ஜீப்புக்காரத் தம்பியின் பெயரை அழுகையில் கேட்க மறந்துவிட்டோம். இந்த நினைவு மலர் அவர் கைக்குக் கிடைத்தால், வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போக வேண்டும். மாரிமுத்துவை எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நினைக்கிறோம். அவன் கட்டையைப் போட்ட கை நன்றாக இருக்க வேண்டும்.

தேவாரத்து முதலாளி தம் வண்டியைக் கழுவிக்கொண்டு வந்தார். "எவ்வளவு பெரிய வண்டி வந்தாலும் எம் பிள்ள இதுலதான் போகணும்" என்றார். சுடுகாட்டுக்கு அண்ணனைத் தூக்கி வைத்தபோது, வண்டி இருமிக்கொண்டே நின்றது. சக்கரத்துக் கட்டையை எடுக்க மாரிமுத்து குனிந்தான். அவனைத் தடுத்துவிட்டு அந்த வயதான மனுஷர் தாமே குனிந்து எடுத்தார். அந்த வண்டியை இன்றைக்கும் அவர் வேறு டிரைவர் கையில் கொடுக்கவில்லை.

மீதி முன்பணத்தைத் தள்ளுபடி செய்வதாகக் கம்பெனி முதலாளி சொல்லி அனுப்பினார். அது அவர் பெருந்தன்மை. அவருக்கும் எங்கள் நன்றி. ஆனால் ஆத்தா சம்மதிக்கவில்லை. தண்டட்டியைக் கழற்றி விற்று, காரியச் செலவு போக மிஞ்சிய பணத்தை அதே கணக்குப்பிள்ளையிடம் கொண்டுபோய் வைத்தாள். "ஆத்தா, அதான் வேணாமுன்னு சொல்லியாச்சே" என்று அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"நீங்க வேணாம்பீக. கழிக்காம விட்டா எம் மகன் அங்கனயே நிப்பான்" என்றாள் ஆத்தா.

அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. மிச்சத்தை மதினியும் நானும் ஏலக்காய் பொறுக்குகிற கூலியில் மாதாமாதம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கழிந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் தேவாரத்திலிருந்து போனார்.

இன்னும் நிற்பது முந்நூற்று நாற்பது ரூபாய்.