கொலைகாரனை முன்கூட்டியே சொல்லும் கணவர்

என் கணவருக்கு ஒரு கெட்ட வழக்கம். மர்மப் படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுவார். கண்டுபிடித்துச் சொன்னாலாவது பாராட்டலாம். ஏற்கெனவே பார்த்த படம் என்பதால் சொல்வார். பத்து பாகாட் என்ற ஊரில் அவர் வளர்ந்த வீட்டில் அலமாரி நிறைய பழைய படக் கேசட்டுகள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு மர்மப் படத்தையாவது முடிவு தெரியாமல் பார்த்துவிட வேண்டும் என்பது என் தீராத ஆசை.

அவருக்கு உயிரான கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உண்டு. மழை, பங்களா, மாடிப்படி ஏறும் ஒரு நிழல். கதாநாயகனைவிட அந்த நிழல் நன்றாக நடித்திருந்தது. கதாநாயகி அலறிக்கொண்டு ஓடுவாள், கொண்டை மட்டும் கலையாது. தொலைபேசிக் கம்பியை யாரோ அறுக்கும் இடத்தில் நான் நிஜமாகவே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து, "வக்கீல்தான்," என்றார். வந்த கோபத்தில் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டேன்.

அதே கதையை இப்போது வண்ணத்தில் எடுத்திருக்கிறார்கள். தம்போய் வீட்டிலிருந்து தியேட்டருக்குக் காரில் கிளம்பும்போதே எச்சரித்தேன்.

"முடிவ மாத்திட்டாங்களாம். நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"வக்கீல் இல்லன்னா அது படமா லா?"

வண்ணம் என்றுதான் பெயர், பாதிப் படம் ஒரே இருட்டு. நிழலுக்கு வேலையே இல்லை. அறுக்கக் கம்பி இல்லாததால் கைப்பேசியில் சிக்னல் போனது. எங்கள் வீட்டுச் சமையலறையிலும்தான் போகிறது, யாரும் அலறுவதில்லை. ஆனால் பாதிப் படத்தில் வக்கீலே செத்துப்போனார்.

"அலமாக்!" என்று அதிர்ந்துபோனார் இவர். பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடைசியில் போலீஸ் அதிகாரி எல்லோரையும் கூடத்தில் நிறுத்தினார். என் கண் அதுபாட்டுக்குத் திரையின் அடிப்பக்கம் போனது. தமிழ்ப் படத்துக்கும் இங்கே கீழே மலாய் மொழிபெயர்ப்பு வரிகள் ஓடும். தமிழ் புரிந்தாலும் அதைப் படிக்காமல் நமக்கு இருப்புக் கொள்ளாது. அதிகாரி "அன்னிக்கு ராத்திரி..." என்று இழுப்பதற்குள் கீழே முழு வாக்கியமும் வந்துவிட்டது. கொன்றது டாக்டர். இத்தனை வருட ஆசையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டேன். அழுகையே வந்துவிட்டது.

பக்கத்தில் பார்த்தேன். இவர் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டார், கீழே ஓடும் பொடி எழுத்து தெரியாது. பாப்கார்ன் எடுத்த கை வாய்க்குப் போகாமல் நின்றது. அதிகாரி இன்னும் இழுத்துக்கொண்டிருந்தார். நான் இவர் காதருகே குனிந்தேன்.

"டாக்டருங்க."

மறு நொடி திரையும் அதையே சொன்னது. இவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏன்டி சொன்ன? எவ்ளோ ஆசையா பாத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

"தெரியாமலா?" என்றேன்.